கழுத்தில் நெறி கட்டினால் டி.பி.தானா?

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சலும் வந்தால் டி.பி., புற்றுநோய் இரண்டையும் தவிர கிகுச்சி என்று ஒரு நோயும் உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மண்டபத்திலிருந்து தொண்டி வரை கடிதம். சரி, இந்த மாதம் முழுக்க நெறிக்கட்டிதான். சர்க்கரையும் மூட்டுவலியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நோயாளியை நேரில் பார்க்கிற டாக்டர் இல்லை. அறுத்தெடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவள். பதில்களும் அந்தப் பக்கமாகத்தான் சாயும்.

கேள்வி: டாக்டரம்மா, என் மகளுக்கு 22 வயது. மூன்று வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல். வலது காதுக்குக் கீழே, கொஞ்சம் பின்பக்கமாக, சின்ன நெல்லிக்காய் அளவில் இரண்டு மூன்று கட்டி, தொட்டால் வலிக்கிறது என்றாள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்றார்கள். ஊசி குத்தி எடுத்த டெஸ்டில் 'செல்கள் அழிந்திருக்கின்றன, டி.பி.யாக இருக்கலாம்' என்று வந்ததும் டி.பி. மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். என் தம்பிக்கு மனசு கேட்காமல் மதுரைக்குக் கூட்டிப்போய்க் கட்டியையே எடுத்துப் பார்த்ததில் கிகுச்சி என்று எழுதியிருக்கிறது. அதற்குள் காய்ச்சல் நின்று கட்டியும் வற்றிவிட்டது. மாத்திரையில்தானே குணமானது, ஆறு மாதமும் போட்டு முடிக்கட்டும் என்கிறார் அவள் அப்பா. என்னோடு பாசி எடுக்கக் கடலுக்கு வந்ததால்தான் இது வந்தது என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?
(பெயர் வேண்டாம், பாம்பன் பக்கம்)

பதில்: மாமியார் சொல்வதை முதலில் முடித்துவிடுவோம். பாசி எடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி முங்கிப் பாசி எடுக்கிற பெண்களுக்கு வருகிற கஷ்டங்கள் வேறு: பாறை கிழித்த கை கால், அரிப்பு, கண் எரிச்சல், தோள்பட்டை வலி. கடலையே பார்க்காத ஊர்களிலும் கிகுச்சி வருகிறது. டாக்டரே சொல்லிவிட்டார் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அவள் அப்பா சொல்வதுதான் யோசிக்க வேண்டியது, ஏனென்றால் பார்வைக்கு அது நியாயமாகத்தான் தெரியும். மாத்திரை போட்டோம், காய்ச்சல் நின்றது. ஆனால் கிகுச்சி என்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் தானாகவே அடங்கிப்போகிற நோய். மூன்றாவது வாரத்தில் எதை ஆரம்பித்தாலும் குணமான பெருமை அதற்குத்தான் போகும். ஆன்டிபயாடிக் கொடுத்தவர் அதனால் என்பார், பற்றுப் போட்டவர் பற்றினால் என்பார், கயிறு மந்திரித்துக் கட்டியவரும் சும்மா இருக்க மாட்டார். டி.பி. மாத்திரைக்கும் இந்த இடத்தில் அதே கதைதான். ஒரு வித்தியாசம், அந்த மாத்திரைகள் கயிறு மாதிரி சாதுவானவை இல்லை. ஈரலைத் தாக்கலாம், அதில் எத்தாம்பியூட்டால் என்ற ஒன்று கண் பார்வையில் கை வைக்கலாம். டி.பி. உள்ளவருக்கு அந்த ஆபத்தை எடுப்பது முழுக்க நியாயம். இல்லாதவருக்கு எதற்கு?

அதற்காக முதலில் மாத்திரை ஆரம்பித்தவரைக் குறை சொல்லிவிடாதீர்கள். நம் நாட்டில் கழுத்து நெறிக்கட்டி பல வாரம் நின்றால் அதிகமாகத் தென்படுகிற காரணம் டி.பி.தான், கிகுச்சி அபூர்வம். ஊசியில் வருவது ஒரு துளி. அதில் செல்கள் செத்துக் கிடந்தால் டி.பி.யா கிகுச்சியா என்று பிரிப்பது எங்களுக்கே சிரமம். கிகுச்சியை ஊசி டெஸ்ட் சரியாகக் கண்டுபிடிப்பது பாதிக்குச் சற்று மேல்தான். உங்கள் தம்பி செய்ததுதான் சரியான அடுத்த படி. கட்டியை முழுசாக எடுத்து அதன் அமைப்பைப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும்.

இப்போது செய்ய வேண்டியது: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மதுரை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மாத்திரை ஆரம்பித்தவரிடமே போங்கள். எடுத்த கட்டியில் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் டெஸ்ட் செய்தார்களா, ரிப்போர்ட்டில் கிரானுலோமா (டி.பி.யில் செல்கள் கூடிக் கட்டுகிற முடிச்சு) என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா, நெஞ்சு எக்ஸ்ரே எப்படி என்று கேளுங்கள். எல்லாம் டி.பி. இல்லை என்ற பக்கமே நின்றால் பெரும்பாலும் அவரே நிறுத்திவிடுவார். நிறுத்தினாலும், கட்டி முழுக்கக் கரைகிற வரை மாதம் ஒரு முறை காட்டிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: என் தங்கை மகளுக்குக் கிகுச்சி என்கிறார்கள். ஒட்டுமா? தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா? மீன், கருவாடு நிறுத்தச் சொல்கிறார்கள்.
(தங்கச்சிமடம்)

பதில்: ஒட்டாது. தட்டும் வேண்டாம், தனி டம்ளரும் வேண்டாம். மீனை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், காய்ச்சலில் பிள்ளை ஏற்கெனவே இளைத்திருக்கும். கருவாடு அவள் நாக்கு கேட்டால் கொடுங்கள்.

கேள்வி: நான் லேப் டெக்னீஷியன் படிப்பு இரண்டாம் ஆண்டு. கிகுச்சி ஸ்லைடில் என்ன பார்க்கிறீர்கள், டி.பி.யிலிருந்தும் லிம்போமாவிலிருந்தும் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று விளக்கமாக எழுத முடியுமா மேடம்? எங்கள் நோட்ஸில் இரண்டு வரிதான் இருக்கிறது.
(ராமநாதபுரம்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மற்றவர்கள் வேண்டுமானால் தாண்டிப் போகலாம்.

1972-ல் ஜப்பானில் கிகுச்சி என்பவரும், புஜிமோட்டோவும் அவர் கூட்டாளிகளும் தனித்தனியாக இதை எழுதினார்கள். அதனால்தான் இரண்டு பேரையும் சேர்த்து கிகுச்சி புஜிமோட்டோ நோய் என்கிறோம். இன்னொரு பெயர் ஹிஸ்டியோசைட்டிக் நெக்ரோடைசிங் லிம்ஃபடினைட்டிஸ். நீளமாக இருந்தாலும் அந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள், ஸ்லைடில் என்ன இருக்கும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

குறைந்த பெரிதாக்கத்தில் முதலில் தெரிவது திட்டுத் திட்டான வெளிறல். நெறிக்கட்டியின் வெளி வட்டத்தில் பி செல் உருண்டைகள் இருக்கும் இல்லையா, அவற்றுக்கு இடையில் உள்ள பாராகார்டெக்ஸ் என்கிற டி செல் பகுதியில்தான் இந்தத் திட்டுகள். பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே செல்கள் செத்து, அவற்றின் கரு தூள் தூளாக உடைந்து நீலப் பொடியாகச் சிதறிக் கிடக்கும். அந்தப் பொடியை விழுங்கிக்கொண்டு ஹிஸ்டியோசைட்டுகள். விழுங்கின சரக்கு உள்ளே இடம் பிடித்துக்கொள்வதால் அவற்றின் கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுப் பிறை வடிவில் வளைந்திருக்கும். பக்கத்திலேயே பிளாஸ்மாசைட்டாய்ட் டென்ட்ரிடிக் செல் கூட்டமும், பெருத்த டி செல்களும் நிற்கும். அந்த டி செல்களில் பெரும்பகுதி சி.டி.8 வகை, அதாவது கொல்கிற வகை.

இனி, இல்லாததைப் பார்க்க வேண்டும். இவ்வளவு சாவு நடந்த இடத்தில் நியூட்ரோபில் கூட்டமாக ஓடி வந்திருக்க வேண்டும். கிகுச்சியில் அவை வருவதில்லை. இயோசினோபிலும் இல்லை, பிளாஸ்மா செல் அரிதாக ஒன்றிரண்டு. ஸ்லைடு பார்க்கத் தொடங்கிய புதிதில் எனக்கு இதுதான் ஆச்சரியமாக இருந்தது, இப்போதும் கொஞ்சம் ஆச்சரியம்தான். சீழ் இல்லாத சாவு என்றால் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

டி.பி.யில் சாவு வேறு மாதிரி இருக்கும். நடுவில் பாலாடைக்கட்டி போல் உருவமழிந்த இளஞ்சிவப்புப் பொருள், அதைச் சுற்றி எபிதீலியாய்டு செல் வளையம், லாங்ஹான்ஸ் ராட்சச செல்கள், மொத்தத்தில் நல்ல கிரானுலோமா. கிகுச்சியில் கிரானுலோமா கட்டாது. சந்தேகம் இருந்தால் ஜீல் நீல்சன் சாயம் போட்டுக் கிருமியைத் தேடுவோம், ஆனால் நெறிக்கட்டியில் கிருமி கண்ணில் படாததால் மட்டும் டி.பி. இல்லை என்று ஆகிவிடாது, அதனால் சிபிநாட்டும் கல்ச்சரும் தேவை.

லிம்போமா, அதாவது நெறிக்கட்டியிலேயே வருகிற புற்றுநோய்தான் பயமுறுத்துகிற பக்கம். கிகுச்சியின் ஆரம்பக் கட்டத்தில் சாவு குறைவாகவும், பெருத்த டி செல்கள் அதிகமாகவும், பிரிந்துகொண்டிருக்கிற செல்கள் நிறையவும் இருக்கும். அவசரப்பட்டுப் பார்த்தால் லிம்போமா என்று கை எழுதிவிடும். இந்த நோய் பரவலாகத் தெரியாத காலத்தில் அப்படி எழுதப்பட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு, கீமோ வரை போனவர்களும் உண்டு. அதனால்தான் சி.டி.3, சி.டி.8, சி.டி.20, சி.டி.68, சி.டி.123 என்று சாயங்கள் போடுகிறோம். எம்.பி.ஓ என்பதையும் சேர்த்துக்கொள். சாதாரண நெறிக்கட்டி ஹிஸ்டியோசைட்டுகள் அதில் நிறம் ஏறாது, கிகுச்சியின் ஹிஸ்டியோசைட்டுகள் ஏறும். தேர்வில் கேட்பார்களோ இல்லையோ, வேலையில் உதவும்.

மூன்று கட்டம் என்று புத்தகத்தில் இருக்கும்: செல் பெருகும் கட்டம், சாகும் கட்டம், கடைசியில் நுரைத்த ஹிஸ்டியோசைட்டுகள் நிறைந்த சாந்தோமேட்டஸ் கட்டம். ஒரே கட்டியில் இரண்டு கட்டம் சேர்ந்தும் இருக்கலாம், குழம்பாதே. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற லூபஸ் நோயின் நெறிக்கட்டி மட்டும் கிகுச்சியின் இரட்டைப் பிறவி மாதிரி இருக்கும். அதில் ஹிமடாக்சிலின் உருண்டைகள் என்று ஊதா நிறக் கட்டிகளும், இரத்தக் குழாய்ச் சுவரில் டி.என்.ஏ. படிவதும், பிளாஸ்மா செல்கள் அதிகமாகவும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அவை இல்லாவிட்டாலும் இரத்தத்தில் ஏ.என்.ஏ. (லூபஸைத் தேடுகிற முதல் டெஸ்ட்) பார்க்கச் சொல்லித்தான் நான் ரிப்போர்ட்டை முடிப்பேன்.

கேள்வி: எனக்கு 26 வயது, போன வருடம் கிகுச்சி வந்து சரியாகிவிட்டது. ஏன் வந்தது என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. வைரஸ் என்கிறார் ஒருவர், தடுப்பூசி என்கிறார் ஒருவர், உடம்பே உடம்பைத் தாக்குகிறது என்கிறார் இன்னொருவர். உண்மைக் காரணம் என்ன? ஆம்பளைக்கு வராது என்றுகூட ஒருவர் சொன்னார்!
(சாயல்குடி)

பதில்: ஆம்பளைக்கும் வரும் தம்பி, உனக்கே வந்திருக்கிறதே. பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம், அதுவும் நாற்பது வயதுக்குள். முதலில் எழுதியவர்கள் நான்கு பெண்ணுக்கு ஓர் ஆண் என்றார்கள். ஆசிய நாடுகளிலிருந்து நிறையப் பேரைத் தொகுத்தபோது அந்த இடைவெளி சுருங்கிவிட்டது.

காரணம் இதுதான் என்று நிரூபிக்கப்பட்ட ஒன்று இன்று வரை இல்லை. உன் டாக்டர்கள் மழுப்பவில்லை, இருக்கிற நிலைமையே அதுதான். ஆனால் சந்தேகத்துக்குரியவர்கள் யார், எதற்காகச் சந்தேகம் என்று சொல்ல முடியும்.

வைரஸ் கட்சிக்கு நல்ல வாதம் இருக்கிறது. பலருக்குச் சளி, தொண்டை வலி மாதிரி ஆரம்பிக்கிறது, ஆன்டிபயாடிக் எதற்கும் அசைவதில்லை, வெள்ளை அணுக்கள் பாதிப் பேர் வரை குறைகின்றன, கட்டிக்குள் குவிவதும் வைரஸ் புகுந்த செல்லைக் கொல்கிற சி.டி.8 டி செல்கள். எப்ஸ்டீன் பார் வைரஸ், ஹெர்பிஸ் குடும்பத்தில் ஆறாம் எண், எட்டாம் எண், பார்வோ பி19 என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். யெர்சினியா பாக்டீரியா, டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி வரை தேடியிருக்கிறார்கள். சிலர் கட்டியில் சில கிருமி கிடைக்கும், அடுத்த ஆய்வில் கிடைக்காது. எப்ஸ்டீன் பார் வைரஸ் உலகில் பெரியவர்கள் பத்தில் ஒன்பது பேர் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது, அதனால் கிகுச்சிக் கட்டியில் அது இருந்தது என்பதை வைத்து மட்டும் அதைக் குற்றவாளியாக்க முடியாது.

உடம்பே உடம்பைத் தாக்குகிறது என்பவர்களும் வெறும் கையோடு வரவில்லை. லூபஸ் என்ற நோய் கிகுச்சிக்கு முன்போ, கூடவோ, பின்போ சிலருக்கு வருகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் கிகுச்சிக் கட்டியின் செல்களுக்குள் நுண்குழாய் வலைகள் தெரிகின்றன, லூபஸிலும் அதே வலைகள் தெரியும், இன்டர்ஃபெரான் அதிகமாகச் சுரக்கிற இடங்களில் அவை உண்டாவது வழக்கம். நான் மேலே சொன்ன பிளாஸ்மாசைட்டாய்ட் டென்ட்ரிடிக் செல்லின் முக்கிய வேலையே இன்டர்ஃபெரான் சுரப்பதுதான். நூல் எங்கோ ஓரிடத்தில் முடிச்சு விழுகிறது என்று தோன்றுகிறது அல்லவா?

அப்புறம் பிறவி அமைப்பு. உடம்பு தன் செல் எது, அந்நியம் எது என்று அடையாளம் பார்க்கிற எச்.எல்.ஏ. மரபணுக்களில் சில வகைகள் ஜப்பானிய கிகுச்சி நோயாளிகளிடம் அதிகம் காணப்பட்டன. அந்த வகைகள் ஆசியர்களிடம்தான் கூடுதல், வெள்ளையரிடம் அரிது. அபூர்வம்தான் என்றாலும், மேலைநாடுகளைவிட ஆசியாவில் இது அதிகம் தென்படுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இது குடும்ப நோய் இல்லை. உடன்பிறந்தவர்கள் இருவருக்கு வந்தது மருத்துவ இதழில் தனியாக எழுதுகிற அளவுக்கு அபூர்வம்.

தடுப்பூசி? கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு வந்தவர்கள் உண்டு, கொரோனா வந்து அதன் பிறகு கிகுச்சி வந்தவர்களும் உண்டு. கோடிக்கணக்கானவர்கள் ஊசி போட்ட காலத்தில் தற்செயலாகச் சேர்ந்து வருவதும் நடக்கும். இதைக் காரணம் காட்டி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியை நிறுத்துவது பெரிய முட்டாள்தனம், அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் வைத்து இப்போதைக்கு நாங்கள் நம்புவது இது: தூண்டுகிறது எதுவாகவும் இருக்கலாம், ஆளுக்கு ஆள் மாறலாம். அதற்கேற்ற உடம்புவாகு உள்ளவரிடம் டி செல்கள் அளவுக்கு மீறிக் கிளம்பி, நெறிக்கட்டிக்குள்ளேயே செல்களைத் தற்கொலைக்குத் தள்ளுகின்றன. கொஞ்ச நாளில் தாமே அடங்கிவிடுகின்றன. திரும்ப வருவது நூற்றில் மூன்று நான்கு பேருக்குத்தான். நீ வருடம் ஒரு முறை காட்டிக்கொண்டால் போதும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். எனக்கு வயது 29. மூன்று வருடம் முன்பு கழுத்தில் கிகுச்சி வந்து மாத்திரையில் சரியானது. இப்போது காலையில் எழுந்தால் விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது, முடி கொட்டுகிறது, வெயிலில் போய் வந்தால் கன்னம் சிவந்து எரிகிறது. அவர் சபுரில் (வெளிநாட்டில்) இருக்கிறார், ரமலானுக்கு வருகிறார், பிள்ளைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம். தைராய்டாக இருக்கும் என்று ராத்தா சொல்கிறாள்.
(கீழக்கரை)

பதில்: வ அலைக்கும் ஸலாம். தைராய்டும் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். மூட்டு, முடி, வெயிலில் சிவக்கிற கன்னம் மூன்றும் சேர்ந்து, முன்பு கிகுச்சியும் வந்திருக்கிறது என்றால் லூபஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரத்தத்தில் ஏ.என்.ஏ., அது பாசிட்டிவ் ஆனால் டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4, இரத்த அணு எண்ணிக்கை, சிறுநீரில் புரதம். சிறுநீர்ப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், லூபஸ் வலியே இல்லாமல் சிறுநீரகத்தைத் தொடும். ஏ.என்.ஏ. மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால் லூபஸ் என்று அழ வேண்டாம், ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் சிலருக்கு அப்படி வரும். ருமடாலஜி டாக்டரிடம் காட்டுங்கள், மதுரையில் கிடைப்பார்கள்.

பிள்ளை பற்றி: லூபஸ் உறுதியானாலும் பிள்ளை பெற முடியும். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது என்பதே விதி. ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தால் கர்ப்பத்திலும் தொடரலாம், பயந்து நிறுத்தக்கூடாது. ஆன்டி ரோ என்ற ஒன்றையும் முன்கூட்டியே பார்த்துவிடச் சொல்லுங்கள், அது இருந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கவனமாகப் பார்ப்பார்கள். அவர் வருவதற்கு முன்பே இந்தப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள்.

கேள்வி: வலை இழுக்கும்போது காலில் சிப்பி கிழித்துவிட்டது. இரண்டு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டிவிட்டது. இதுவும் கிகுச்சியா?
(மூக்கையூர்)

பதில்: இல்லை. காலில் புண் வந்தால் அங்கே நெறி கட்டுவது அதன் வேலை, புண் ஆற ஆற அதுவும் வற்றிவிடும். டி.டி. ஊசி போட்டுக்கொண்டீர்களா? கடல் தண்ணீர் பட்ட காயம் என்பதால் ஒரு எச்சரிக்கை: சர்க்கரையோ ஈரல் கோளாறோ உள்ளவருக்குச் சிவப்பு மளமளவென்று ஏறி, கொப்புளம் கிளம்பி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், கடலில் விப்ரியோ என்ற கிருமி உண்டு, அது நேரம் கொடுக்காது. மற்றபடி ஒரு மாதம் தாண்டியும் நிற்கிற கட்டி, கல் மாதிரி இறுகிய கட்டி, காறை எலும்புக்கு மேலே வருகிற கட்டி, கூடவே எடை குறைவது, இரவில் பாய் நனைய வியர்ப்பது, இவை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் மச்சான் வெளிநாடு போக மெடிக்கல் எடுத்ததில் நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் என்று அன்ஃபிட் ஆக்கிவிட்டார்கள். டி.பி. இல்லை. சி.டி. ஸ்கேனில் நெஞ்சுக்கு நடுவே ஒரு கட்டி, சதை எடுத்துப் பார்த்ததில் காசில்மேன் நோய், ஹயலின் வாஸ்குலர் வகை என்று வந்திருக்கிறது. எச்.ஐ.வி. டெஸ்டும் எடுக்கச் சொன்னதால் வீட்டில் பெரிய சண்டை. இது புற்றுநோயா?
(தொண்டி)

பதில்: முதலில் சண்டையை நிறுத்துங்கள். காசில்மேன் என்று வந்தால் யாராக இருந்தாலும் எச்.ஐ.வி. பார்ப்பது நடைமுறை. அந்த நோயின் பரவிய வகை ஒன்றுக்கு ஹெர்பிஸ் எட்டாம் எண் வைரஸ் காரணம், எச்.ஐ.வி. உள்ளவரிடம் அது கிளம்புவது அதிகம் என்பதால்தான். மச்சானின் நடத்தையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இது புற்றுநோய் இல்லை. பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பெஞ்சமின் காசில்மேன் என்ற நோய்க்கூறியல் டாக்டர் 1950-களில் இதை எழுதினார், 1956-ல் அவர் தொகுத்த 13 பேருக்கும் உங்கள் மச்சானுக்கு இருப்பது போல நெஞ்சுக்கு நடுவில்தான் கட்டி. ஸ்லைடில் பார்த்தால் சுருங்கிய மையத்தைச் சுற்றி லிம்போசைட்டுகள் வட்ட வட்டமாக அடுக்கியிருக்கும், அதை வெங்காயத் தோல் என்றே புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். நடுவே ஒரு இரத்தக் குழாய் குச்சி மாதிரி நுழைந்திருக்கும்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி, கட்டி ஓரிடத்திலா பல இடத்திலா என்பது. உடம்பு முழுக்க ஸ்கேன் செய்து ஓரிடம்தான் என்று உறுதியானால், முழுசாக வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. அந்தக் கட்டிக்கு இரத்த ஓட்டம் அதிகம், பழகிய நெஞ்சு அறுவை டாக்டர் எடுப்பது நல்லது. பல இடத்தில் இருந்தால் அது வேறு நோய் என்றே வைத்துக்கொள்ளலாம். ஐ.எல்.6 என்ற புரதம் தாறுமாறாகச் சுரந்து காய்ச்சல், வீக்கம், இரத்தசோகை என்று உடம்பையே கலக்கிவிடும். அந்தப் புரதத்தைத் தடுக்க டோசிலிசுமாப் 2005-ல் ஜப்பானிலும், சில்டுக்சிமாப் 2014-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. அங்கே மருத்துவ மாணவராக இருந்தபோது 2010-ல் இதே நோயில் சாகக் கிடந்த டேவிட் ஃபாஜ்கன்பாம் என்பவர், ஐ.எல்.6 மருந்து கேட்காத தன் உடம்புக்கு, சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடுகிற சிரோலிமஸைத் தானே ஆராய்ந்து கண்டுபிடித்துச் சாப்பிட்டு, இப்போது இந்த நோயையே ஆராய்ந்துகொண்டிருக்கிறார். அந்தத் தூரமெல்லாம் மச்சானுக்கு வேண்டியிருக்காது, ஸ்கேனை மட்டும் முழுசாக எடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கழுத்துக் கட்டியை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு, மதுரையில் லேபில் கொடுங்கள் என்று என் கையில் தந்தார்கள். பஸ்ஸில் போகும்போது டப்பா ஒழுகி மூக்கெல்லாம் எரிந்தது, பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்தே போய்விட்டார். இப்படிக் கொண்டுபோனால் சதை கெட்டுப்போகாதா?
(மண்டபம்)

பதில்: ஒழுகியது பார்மலின், பக்கத்து சீட்டுக்காரர் மேல் தப்பில்லை. திருகு மூடி உள்ள வாயகன்ற டப்பா, மூடியைச் சுற்றி டேப், அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் கவர், இவ்வளவு இருந்தால் ஒழுகாது. சதை கெடாது. கட்டியைப் போலப் பத்து மடங்காவது பார்மலின் இருக்க வேண்டும், கட்டியைக் குறுக்கே ஒரு வெட்டு போட்டு உள்ளே விட்டிருக்க வேண்டும். பார்மலின் மெதுவாகத்தான் ஊறும். முழுக் கட்டியாகக் கொஞ்சம் தண்ணியில் மிதந்து வந்தால் நடுப்பகுதி அழுகி, செத்த செல் நோயால் செத்ததா பஸ்ஸில் செத்ததா என்று நான் தலையைப் பிய்த்துக்கொள்வேன்.

கட்டி எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, டி.பி. சந்தேகம் இருந்தால் கட்டியில் ஒரு துண்டைப் பார்மலினில் போடாமல் தனி டப்பாவில் சலைனில் அனுப்பச் சொல்லுங்கள். பார்மலினில் விழுந்த துண்டில் கிருமி வளராது, கல்ச்சர் எடுக்கவே முடியாது. இரண்டு, அதற்கு முன்னால் காய்ச்சலுக்கு என்று ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், லிம்போமாவாக இருந்தால் அது சுருங்கி ஸ்லைடில் ஏமாற்றும். ரிப்போர்ட் கையில் வந்த பிறகு, சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சென்னையிலோ வேலூரிலோ இரண்டாவது கருத்து கேட்க வேண்டியிருந்தால் அம்மாவுக்கு மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை, அதை எடுத்துப்போனால் போதும். மெழுகுக் கட்டி ஒழுகாது, பஸ்ஸில் தாராளமாகக் கொண்டுபோகலாம். வெயில் படுகிற ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள்.